பச்சை வண்டியின் வேகம்

ஜெபா, எய்யா,

கடிதத்தின் தலையில் வழக்கமாகப் போடும் தோத்திர வரியை இன்று போடவில்லை. கர்த்தருக்கும் எனக்கும் இந்த வாரம் அவ்வளவு பேச்சு இல்லை. ஜெபம் பண்ணாமல் இல்லை, பண்ணுகிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பண்ணுகிறேன். இதைப் படித்துப் பயந்துபோய் நீ போதகர் ஐயாவுக்குப் போன் போட்டுத் தொலைக்காதே. இது எங்கள் இருவருக்குள் தீர வேண்டிய விஷயம்.

நேற்று சாயங்காலம் நீ வேலைக்குக் கையெழுத்துப் போடப் போன சென்னையிலிருந்து கூப்பிட்டபோது பாதியில் பேச்சு நின்றுபோனது. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். என் வீட்டு லைன் அப்படியெல்லாம் கட்டாகாது. நான்தான் வைத்தேன். சிங்கப்பூர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாய். இரண்டு வருஷத்துக்கு லீவே கிடையாது என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறான், அண்ணனை விட்டுவிட்டு எப்படிம்மா என்று கேட்டாய். அப்போது உன் அண்ணன் சாமுவேல் பக்கத்து அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்குகிறவன் மூச்சு எனக்குத் தெரியும். அவன் தூங்கவில்லை. அவன் காதில் விழ என்னால் உனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ போக வேண்டும். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

உங்கப்பா கப்பலில் போகிற மனுஷன். சாமுவேலுக்குத் தசை தளர்ந்துகொண்டே போகிற வியாதி என்று மருத்துவர்கள் சொன்ன வருஷத்தில், அவனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் திண்டாடினார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் ரயில் வாங்கி வந்தார். உள்ளங்கை நீளத்தில் ஒரு சிவப்பு எஞ்சின், அடுத்த தடவை ஒரு பச்சை எஞ்சின், பெட்டிகள், தண்டவாளம். சிவப்பு அவனுக்கு, பச்சை உனக்கு. முன் அறையில் இருந்த சாப்பாட்டு மேஜையைப் பறித்துக்கொண்டு அதன் மேல் பலகை போட்டு நீங்கள் தண்டவாளம் பதித்ததிலிருந்து இந்த வீட்டில் நாம் எல்லோரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். வந்த விருந்தாளிகள் கேட்டால், அது ரயில்வேக்குச் சொந்தமான இடம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்வேன்.

அதற்கு முன்பு நடந்த ஒன்றை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். சாம் எட்டு வயதில் விழ ஆரம்பித்தான். ஓடும்போது விழுந்தான், பிறகு நடக்கும்போது விழுந்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் நீயும் விழ ஆரம்பித்தாய். தினமும் முட்டியில் ரத்தம், கால்சட்டையில் மண். உனக்கும் அதுவே வந்துவிட்டதோ என்ற பயத்தில் உன்னை ஒருநாள் அடித்தேன். கண்ணைத் திறந்து பார்த்து நடக்க மாட்டியா என்று அடித்தேன். பிறகு உன் டீச்சர் என்னைக் கோயில் வாசலில் நிறுத்திச் சொன்னார்கள். உன் அண்ணன் விழுந்தால் அடுத்த நிமிஷம் நீயும் வேண்டுமென்றே விழுகிறாய், அவன் ஒருத்தன் மட்டும் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது என்று. அன்றைக்கு உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையில் ஒன்றைப் பார்க்கத் தவறிவிட்டேன் ஜெபா. நீ அதோடு நிறுத்தவில்லை. தாமிரபரணி ஓடும் ஊரில் பிறந்து நீச்சல் தெரியாத ஆள் நீ. குறுக்குத்துறையில் எல்லாப் பயல்களும் தண்ணீரில் கிடக்க, நீ அண்ணன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாய். கேட்டால் சளி பிடிக்கும் என்பாய். படிப்பு முடிந்து சென்னையில் வந்த வேலையை விட்டாய், பெங்களூரில் வந்ததை விட்டாய், வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கப் போனாய். கேட்டால் வெளியூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பாய். என் சமையலை ஒருநாளும் நல்லா இருக்கிறது என்று சொல்லாத வாய் அது.

உங்கப்பா லீவில் வந்திருந்தபோது ஒரு தடவை செங்கோட்டையிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் ரயிலில் கூட்டிப்போனார். சாமைத் தோளில் தூக்கிக்கொண்டு, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு. ஏற்றத்துக்காக வண்டியின் பின்னால் இன்னொரு எஞ்சினைச் சேர்த்தார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, நடுவில் நாம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அன்றிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் மேஜை மேலும் அதே மாதிரி ஓட்ட வேண்டும் என்று பைத்தியம் பிடித்தது. பச்சை முன்னால் இழுக்க வேண்டும், சிவப்பு பின்னால் தள்ள வேண்டும். எந்த எஞ்சின் எங்கே என்பதைச் சாம்தான் முடிவு செய்தான். நீ மாற்றிப் போடச் சொல்லிக் கெஞ்சியும் அவன் கேட்கவில்லை.

அது ஓடவில்லை. இரண்டும் ஒரே ஊர்த் தண்ணீர் குடித்தவையா, சேர்ந்து ஓட? பச்சைக்கு வேகம் அதிகம், சிவப்பு ஆமை. பச்சை பிய்த்துக்கொண்டு போகும், சிவப்பு தள்ளுவதற்குப் பதிலாகப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும், வளைவில் நடுப்பெட்டிகள் உள்பக்கம் சாய்ந்து மேஜையிலிருந்து கீழே விழும். இப்படியே பல வருஷம். பிறகு உங்கப்பா ஒரு சாம்பல் நிறப் பெட்டியும், எஞ்சினுக்குள் வைக்கிற நகம் அளவு சிப்புகளும், கம்ப்யூட்டரில் போடுகிற ஒரு புரோகிராமும் கொண்டுவந்தார். நீ ஒரு பழைய கம்ப்யூட்டரை எங்கிருந்தோ பிடித்து வந்து எல்லாவற்றையும் வயரால் கட்டினாய். திரையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் வரிசையாகக் குச்சிகள் நிற்கும். முதல் குச்சி வண்டி நகரத் தொடங்கும் வேகம், கடைசிக் குச்சி முழு வேகம். குச்சியை உயர்த்தினால் அந்தப் படியில் வண்டி விரைவாக ஓடும், தாழ்த்தினால் பைய ஓடும். நீ இரண்டு வண்டியையும் முதலில் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்குவாய். பிறகு கொக்கி போடாமல், ஒரு பெட்டி நீளம் இடைவெளி விட்டு ஒன்றின் பின் ஒன்றாகச் சுற்ற விட்டு, இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். கூடினால் பச்சையின் குச்சியைத் தாழ்த்துவாய். மறுபடி சுற்ற விடுவாய். மறுபடி தாழ்த்துவாய். ஏன் எப்போதும் பச்சையையே குறைக்கிறாய், சிவப்பைக் கூட்டேன் என்று ஒருநாள் கேட்டேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செவப்பு இதுக்கு மேல ஓடாதும்மா. ஓடாதத ஓட வைக்க முடியாது. ஓடுதத கொறச்சாத்தான் ரெண்டும் சேந்து போவும்" என்றாய்.

சாம் சக்கர நாற்காலியில் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தான். நீ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

முதல் தடவை இரண்டும் சேர்ந்து ஓடிய அன்று நீ தெருவுக்கே மிட்டாய் கொடுத்தாய். மறுநாள் வேலை விட்டு வந்து ஓட்டிப் பார்த்தால் பச்சை மறுபடி பிய்த்துக்கொண்டு போனது, பெட்டிகள் கீழே கிடந்தன. நீ உட்கார்ந்து மறுபடி சரி செய்தாய். ஒரு நாள் விட்டு மறுபடி அதே கதை. கரண்ட்டு சரியில்லை, வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று முடிவு கட்டினாய். ஸ்டெபிலைசர் வாங்கினாய். கம்பத்தில் ஏறிய லைன்மேனைக் கீழே இறங்கவிடாமல் அடியில் நின்று கேள்வி கேட்டாய். பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவிடம் போய், சாயங்காலம் கிரைண்டர் போடாதீர்கள் அக்கா, எங்கள் ரயில் தடம் புரளுகிறது என்று சொல்லிவிட்டு வந்தாய். அவள் உன் தொல்லை தாங்காமல் காலையிலேயே மாவாட்ட ஆரம்பித்தாள். இன்றைக்கும் காலையில்தான் ஆட்டுகிறாள், பாவம்.

எய்யா, அது கரண்ட்டு இல்லை.

ஒருநாள் மத்தியானமே எனக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது. கேட்டைத் திறக்கும்போதே உள்ளே வண்டி ஓடும் சத்தம் கேட்டது. காலம் முழுக்கக் காதை வைத்துப் பிழைத்தவளுக்கு மோட்டார் சத்தத்தில் வித்தியாசம் தெரியாதா? நீ தாழ்த்தி வைத்த பச்சை வண்டி முனகிக்கொண்டு ஓடும். அன்று அது பாடிக்கொண்டு ஓடியது. உள்ளே போனேன். சாம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். வலது கையை இடது கையால் தூக்கிக் கீபோர்டில் வைத்து, ஒரு விரலால் பொத்தானை அமுக்கி, பச்சையின் குச்சிகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். வேர்த்து சட்டை நனைந்திருந்தது. பச்சை தனியாக, கொக்கியில் ஒன்றுமில்லாமல், மேஜையைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் பதறவில்லை.

"அவன் வண்டியக் கட்டிப் போட்டிருக்காம்மா. நான் அவுத்து விடுதேன், அவ்வளவுதான்" என்றான்.

அதை அவனிடமே சொல்லேன், எதற்கு இந்தத் திருட்டு வேலை என்று கேட்டேன். சொன்னால் நீ அழுவாய், அழுதுவிட்டு இன்னும் குறைப்பாய் என்றான். அவனுக்கு உன்னைத் தெரியும். மலை ரயிலைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னான். ஏற்றம் முடிந்ததும் பின்னால் தள்ளுகிற எஞ்சினை என்ன செய்வார்கள் என்று தோளில் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டானாம், கழற்றிவிடுவார்கள், அது பாட்டுக்குத் திரும்பிப் போய்விடும் என்று அப்பா சொன்னாராம். "மேல ஏத்தி விட்டாச்சுன்னா கழத்திரணும்லாம்மா. இவன் கழத்தவே விட மாட்டேங்கான்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. வாயை மூடுலே என்று அதட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவன் மிச்சக் குச்சிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு நீ சாயங்காலம் தாழ்த்துவதும் அவன் பகலில் உயர்த்துவதுமாக நடந்தது. போன மழைக்காலத்திலிருந்து அவனால் பொத்தானை அமுக்க முடியவில்லை. அவன் சொல்ல நான் அமுக்கினேன். அந்தப் படி, அதற்கு மேல் படி, போதும்மா, இப்போது வண்டிக்கு அனுப்பு என்பான். நீ வந்து வோல்டேஜைத் திட்டும்போது நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் படாத பாடு படுவோம். உன் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்திருக்கிறோம் ஜெபா. இந்த வீட்டில் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

இது தாய் வழியாக வருகிற வியாதி என்று மருத்துவர் சொன்னபோது நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். என் ரத்தத்தில் இருந்தது, ஒரு பிள்ளைக்குப் போகும், ஒரு பிள்ளைக்குப் போகாது, அதற்கு நியாயம் எதுவும் கிடையாது என்றார். பிற்பாடு நீயே எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்றிலிருந்து நீ என் கண்ணைப் பார்ப்பதைக் குறைத்துவிட்டாய். எய்யா, அவனுக்கு வந்ததற்கு நான் காரணம் இல்லை என்றால், உனக்கு வராததற்கு நீயும் காரணம் இல்லை. நான் என்னை மன்னிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுதாக வரவில்லை. நீயும் பழகு. ஓடுகிற கால் உனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு நீ படியில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு ஒன்றும் கூடிவிடாது. தன்னால் இன்னொருத்தனும் உட்கார்ந்துவிட்டான் என்ற பாரத்தையும் அவன்தான் சுமக்கிறான். தன் கையையே தூக்க முடியாதவன் அவன்.

நேற்று நான் போனை வைத்ததும் சாம் என்னைக் கூப்பிட்டான். ஜெபாவுக்கு எழுது, நான் நல்லா இருக்கேன்னு எழுது, இருமல் போயிட்டுன்னு எழுது என்றான். எழுதுகிறேன் என்றேன். எழுத மாட்டேன். நீ பொய்யை நம்பி விமானம் ஏறினால், உண்மை தெரிகிற அன்று எங்கள் இருவரையும் மன்னிக்க மாட்டாய். அதனால் கேட்டுக்கொள். அவன் நல்லா இல்லை. இருமல் போகவில்லை, இருமுவதற்கு வேண்டிய பலம்தான் போய்விட்டது. மூச்சுத் தசையும் தளர்ந்துகொண்டு வருகிறது. போன வாரம் மருத்துவர் என்னைத் தனியாக நிறுத்தி, அடுத்த கிறிஸ்துமஸ் வரை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். கிறிஸ்துமஸுக்கு முன்பா பின்பா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாமுக்கும் தெரியும். யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டான். உன் இரண்டு வருஷம் முடியும்போது அவன் இருக்க மாட்டான். இதைத் தெரிந்துகொண்டே போ என்று உன்னைப் பெற்றவள் எழுதுகிறேன்.

நீ போகாதே என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? அவனை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திருப்பிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். நீ இல்லாத இந்தச் சில நாளிலேயே என் இடுப்பு என்னைத் திட்டுகிறது. உங்கப்பா இந்தத் தடவை இறங்கினால் திரும்ப ஏறப் போவதில்லை என்று சொல்லியிருக்கிறார், அடுத்த மாதம் வந்துவிடுவார். ஆனால் அவர் இருமினாலே எனக்கு எரிச்சல் வரும், உன் சத்தம் இல்லாத வீட்டில் அவரோடு எப்படிக் காலம் தள்ளப் போகிறேனோ. நான் பயந்துபோய் இருக்கிறேன். பயத்தில் ஒரு பிள்ளையை அடித்தவள், பயத்தில் ஒரு பிள்ளையைப் பிடித்துக் கட்டியும் வைப்பேன். அதற்கு முன்னால் ஓடிப்போய்விடு.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று ராத்திரி வண்டியிலேயே கிளம்பி வா. உனக்குப் புறப்பட இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றாய் அல்லவா, அத்தனையும் அவனோடு இரு. கம்ப்யூட்டரைத் தொடாதே. பச்சை இப்போது முழு வேகத்தில் இருக்கிறது, நானும் அவனும் அப்படித்தான் வைத்திருக்கிறோம். அதை ஓட்டிக் காட்டு, அவன் பார்க்கட்டும். கரண்ட்டு ரகசியம் எனக்குத் தெரியும் என்று சொல்லிச் சண்டை போடு, அவனுக்குப் பிடிக்கும். சண்டை போட்டுவிட்டு, போகிறேன் என்று அவனிடம் உன் வாயால் சொல். சீக்கிரம் வந்துவிடுவேன் என்று மட்டும் சொல்லாதே. அவனை முட்டாளாக்காதே. அழ வேண்டுமென்றால் அவன் முன்னாலேயே அழு, இரண்டு பேரும் சேர்ந்து அழுங்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் சேர்ந்து செய்யாத காரியம் அது ஒன்றுதான்.

அங்கே போனதும் நேரத்துக்குச் சாப்பிடு. நீச்சல் கற்றுக்கொள். யாராவது சிரித்தால் நீயும் சிரி, சிரித்துவிட்டு அறையில் போய்த் தண்டனை அனுபவித்துக்கொண்டு இருக்காதே. மனசுக்குப் பிடித்த பெண்ணைப் பார்த்தால் அப்பாவுக்கு எழுதும் முன் எனக்கு எழுது.

பிறகு ஒருநாள் நான் போன் பண்ணுவேன். பேச்சை வளர்க்க மாட்டேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற விதத்திலேயே உனக்குத் தெரிந்துவிடும். ஓடி வருவதற்கு யார் காலையும் பிடிக்காதே. வந்தாலும் நேரத்துக்கு வந்து சேர மாட்டாய், இந்த ஊர் வெயிலில் அவனை வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருக்கவும் முடியாது. தம்பி வரவில்லையா என்று கல்லறைத் தோட்டத்தில் யாராவது கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது என் பாடு. எல்லோரும் ஒரு பிடி மண் அள்ளிப் போடும்போது முதலில் நான் குனிந்து ஒரு பிடி அள்ளுவேன். அது உன்னுடையது. உன் பேரைச் சத்தமாக, அவனுக்குக் கேட்கிற மாதிரி சொல்லித்தான் போடுவேன். அதற்கப்புறம்தான் என் கை மண்ணைப் போடுவேன்.

போய் வா.

அம்மா